மூன்று புள்ளியில் தோற்ற அணியிடம் இனி எவ்வளவு எதிர்பார்க்கலாம்?

அமெரிக்கப் பல்கலைக்கழகம் ஒன்றில் மேற்படிப்பு படிக்கிறீர்கள். சனிக்கிழமைதோறும் அங்குள்ள தமிழ் மாணவர்களைச் சேர்த்து அமெரிக்கன் ஃபுட்பால் பார்க்கும் குழுவை நடத்துகிறீர்கள். முதல் மூன்று ஆட்டங்களையும் ஜெயித்த உங்கள் அணி, 7 புள்ளியில் ஜெயிக்கும் என்று கணிக்கப்பட்டிருந்த நாலாவது ஆட்டத்தில் 3 புள்ளியில் தோற்றுவிட்டது. பாதிப் பேர் "சீசனே முடிஞ்சுது" என்கிறார்கள். மீதிப் பேர் "அந்த ஒரு கிக் உள்ள போயிருந்தா நாமதான், இனி வர்ற எல்லாத்தையும் ஜெயிப்போம்" என்கிறார்கள். இரண்டு தரப்பையும் எப்படி நிதானத்துக்குக் கொண்டுவருவது என்று கேட்டிருக்கிறீர்கள். இதற்குள் இருக்கும் கேள்வி என்று நான் எடுத்துக்கொள்வது இது: இந்த ஒரு தோல்விக்காக எதிர்பார்ப்பை எவ்வளவு குறைக்க வேண்டும்? அதற்கு எண்ணிலேயே பதில் சொல்ல முடியும். கல்லூரி ஆட்டங்களின் ப்ளே-பை-ப்ளே பதிவுகளை (ஒவ்வொரு ப்ளேயிலும், அதாவது பந்து ஆடப்படும் ஒவ்வொரு முறையும், என்ன நடந்தது என்ற பட்டியல்) வைத்து அணிகளை மதிப்பிடும் வேலையில் பல வருடம் இருப்பவன் என்ற முறையில் சொல்கிறேன்.

சுருக்கமான பதில்: ஒரு வெற்றிக்குக் கொஞ்சம் குறைவாக. அதற்கு மேல் குறைப்பவர்கள் பயத்தில் குறைக்கிறார்கள், எதையுமே குறைக்காதவர்கள் ஆசையில் பேசுகிறார்கள். முக்கியமான வீரர் யாரும் காயத்தால் வெளியேறவில்லை என்றால்தான் இந்தக் கணக்கு பொருந்தும். அதைக் கடைசியில் சொல்கிறேன்.

முதலில் அந்த 3 புள்ளியை எதோடு ஒப்பிடுகிறோம் என்று பார்க்க வேண்டும். பெரும்பாலானவர்கள் பூஜ்யத்தோடு ஒப்பிடுகிறார்கள், "மயிரிழையில் தோற்றோம்" என்கிறார்கள். ஒப்பிட வேண்டியது ஆட்டத்துக்கு முந்தைய கணிப்போடு. 7 புள்ளியில் ஜெயிக்க வேண்டியவர்கள் 3 புள்ளியில் தோற்றால், எதிர்பார்த்ததைவிட 10 புள்ளி மோசமாக ஆடியிருக்கிறார்கள் என்று பொருள். அதே 3 புள்ளித் தோல்வி, 14 புள்ளியில் தோற்கும் என்று கணிக்கப்பட்ட அணிக்கு 11 புள்ளி நல்ல செய்தி. ஸ்கோர்போர்டில் இரண்டும் ஒன்றுபோலத்தான் தெரியும்.

சரி, 10 புள்ளி மோசம் என்பது பெரிய விஷயமா? கல்லூரி ஃபுட்பாலில் கணிப்புக்கும் முடிவுக்கும் உள்ள வித்தியாசத்தின் திட்ட விலக்கம் சுமார் 16 புள்ளி. அதாவது மூன்றில் ஒரு ஆட்டம் கணிப்பிலிருந்து 16 புள்ளிக்கும் மேல் விலகித்தான் முடிகிறது. 10 புள்ளி விலகல் என்பது எந்தச் சனிக்கிழமையும் பல மைதானங்களில் நடப்பது. 7 புள்ளிக்குச் சாதகமான அணி பத்தில் மூன்று முறை தோற்கும். "தோற்கவே கூடாத ஆட்டம்" என்று உங்கள் குழுவில் சொன்னவர்களுக்கு இந்தப் பத்தில் மூன்றைத்தான் முதலில் சொல்ல வேண்டும்.

அடுத்தது அந்த 3 புள்ளி எப்படி உருவானது என்பது. இதற்கு அரை மணி நேரம், ஒரு தாள், இணையத்தில் இலவசமாகக் கிடைக்கும் ப்ளே-பை-ப்ளே பட்டியல் போதும். தாளில் இரண்டு பத்தி போட்டு ஒவ்வொரு ப்ளேயையும் வெற்றி, தோல்வி என்று குறித்துக்கொண்டே வாருங்கள். டவுன் என்பது 10 யார்டு முன்னேற அணிக்குக் கிடைக்கும் நாலு முயற்சிகளில் ஒன்று. பில் கானலி என்ற ஆய்வாளர் பரவலாக்கிய அளவுகோல் இது: முதல் டவுனில் தேவையான யார்டில் 50 சதவீதம், இரண்டாவது டவுனில் 70 சதவீதம், மூன்றாவது, நாலாவது டவுன்களில் முழுவதும் எடுத்தால் அந்த ப்ளே வெற்றி. முதல் டவுனில் 10 யார்டு வேண்டும், 4 எடுத்தார்கள் என்றால் தோல்வி. இரண்டாவது டவுனில் மீதி 6, அதில் 70 சதவீதம் 4.2, எடுத்தது 5 என்றால் வெற்றி. மூன்றாவது டவுனில் 1 யார்டு வேண்டும், 2 எடுத்தார்கள் என்றால் வெற்றி. ஃபீல்டு கோல் (கம்பங்களுக்கு நடுவே உதைத்து 3 புள்ளி எடுப்பது), பன்ட் (பந்தைத் தூரமாக உதைத்து எதிரணிக்குக் கொடுப்பது), கடிகாரத்தை ஓட்டுவதற்காக முட்டி போட்டவை ஆகியவற்றை விட்டுவிடுங்கள். சராசரி அணிக்கு இந்த விகிதம் 40 சதவீதத்தைச் சுற்றி வரும்.

உங்கள் அணி 46, எதிரணி 36 என்று வந்து, அப்படியும் 3 புள்ளியில் தோற்றிருந்தால், ஆட்டத்தை நடத்தியது உங்கள் அணிதான், வேறெங்கோ புள்ளி ஒழுகியிருக்கிறது என்று அர்த்தம். தலைகீழாக, நீங்கள் 34, அவர்கள் 47 என்றால் 3 புள்ளித் தோல்வி உங்களுக்குக் கிடைத்த சலுகை. அந்த நிலையில் குழுவில் அடக்க வேண்டியது "நாமதான் உண்மையில ஜெயிச்சோம்" என்ற கட்சியை. இதைப் பலர் கவனிப்பதே இல்லை. நெருக்கமான தோல்வி எப்போதுமே ஆறுதல் தரும் தோல்வி என்று எடுத்துக்கொள்கிறார்கள், பாதி நேரம் அது அபாய அறிவிப்பு.

புள்ளி எங்கே ஒழுகியது என்று தேட மூன்று இடம் உண்டு. ஒன்று, ஃபம்பிள், அதாவது கையிலிருந்து பந்து நழுவுவது. பாக்ஸ் ஸ்கோரில் (ஆட்டத்தின் புள்ளிவிவரச் சுருக்கம்) நழுவியது எத்தனை, இழந்தது எத்தனை என்று தனித்தனியாக இருக்கும். உங்கள் அணி 3 முறை நழுவவிட்டு மூன்றையும் இழந்தது, எதிரணி 2 முறை நழுவவிட்டு இரண்டையும் தானே எடுத்துக்கொண்டது என்று வையுங்கள். ஆக 5 பந்து தரையில் உருண்டது, உங்களுக்கு ஒன்றும் வரவில்லை. நீண்டகால சராசரியில் உருளும் பந்து ஆளுக்குப் பாதிதான், 2.5 வந்திருக்க வேண்டும். ஒரு டர்னோவரின் (பந்து எதிரணி வசம் போவது) மதிப்பு சுமார் 4 முதல் 5 புள்ளி. எனவே அந்த ஒரு துரதிர்ஷ்டத்தின் விலை மட்டும் 10 புள்ளிக்கு மேல். ஆனால் கவனம்: பந்தை நழுவவிடுவது அணியின் பழக்கம், நழுவிய பந்து யாரிடம் போகிறது என்பது மட்டும்தான் அதிர்ஷ்டம். வாராவாரம் மூன்று முறை நழுவவிடும் குவார்ட்டர்பேக்கை (பந்தை எறிந்து தாக்குதலை நடத்துபவர்) அதிர்ஷ்டக் கணக்கில் எழுதக் கூடாது. இன்டர்செப்ஷனும் (எறிந்த பாஸை எதிரணி பிடிப்பது) இப்படித்தான். தடுப்பாட்டக்காரர் கை பட்ட பாஸ்களில் சுமார் ஐந்தில் ஒன்று பிடிபடும். கை பட்ட நாலு பாஸில் மூன்று பிடிபட்டிருந்தால் அது வழக்கமல்ல.

இரண்டாவது, கிக். கடைசி நிமிடத்தில் தவறிய ஃபீல்டு கோல்தான் எல்லாருக்கும் ஞாபகம் இருக்கும். அது எத்தனை யார்டு என்று பாருங்கள். பந்து நிற்கும் கோட்டோடு சுமார் 17 யார்டு கூட்ட வேண்டும், 28 யார்டு கோட்டில் நின்றால் கிக் 45 யார்டு. ஸ்னாப் போட்டு (பந்தைப் பின்னால் எறிந்து), பிடித்து நிறுத்தி, உதைக்க 1.3 வினாடிதான் கிடைக்கும். கல்லூரி மட்டத்தில் 40 முதல் 49 யார்டு வரையிலான கிக்குகளில் ஏறத்தாழ மூன்றில் ஒன்று தவறும். 45 யார்டில் தவறியவரைத் திட்டுவதில் நியாயமே இல்லை. 25 யார்டில் தவறியது என்றால் விசாரிக்கலாம், அப்போதும் ஸ்னாப் சரியாக வந்ததா என்று பார்த்துவிட்டு.

மூன்றாவது, முடிக்காமல் விட்ட வாய்ப்புகள். எதிரணியின் 40 யார்டு கோட்டுக்குள் முதல் டவுன் கிடைத்த ஒவ்வொரு முறையும் சராசரியாக 4 புள்ளிக்கு அருகில் வர வேண்டும். ஏழு முறை உள்ளே போய் 17 புள்ளிதான் என்றால் 10 புள்ளிக்கு மேல் விட்டிருக்கிறார்கள். இதில் அதிர்ஷ்டம் எவ்வளவு, திறமைக் குறைவு எவ்வளவு என்பது ஒரு ஆட்டத்தில் தெரியாது. நாலைந்து ஆட்டம் சேர்ந்தால் தெரிய ஆரம்பிக்கும்.

இப்போது, உங்கள் நம்பிக்கைக் கட்சி கட்டாயம் எடுத்துக்காட்டும் சீசன் ஒன்று இருக்கிறது. 2024-இல் ஒஹையோ ஸ்டேட், அக்டோபர் 12-இல் ஆரிகனிடம் 32-31, நவம்பர் 30-இல் சொந்த மைதானத்தில் மிச்சிகனிடம் 13-10 என்று இரண்டு ஆட்டம் தோற்றது. இரண்டும் சேர்த்து 4 புள்ளி. மிச்சிகனுக்கு எதிராக அவர்கள் ஏறக்குறைய 20 புள்ளிக்குச் சாதகமாக இருந்தவர்கள், அதனால் அந்தத் தோல்வி நான் மேலே சொன்ன கணக்கில் மிக மோசமானது. கோச் ரயன் டேயை நீக்கச் சொல்லி ரசிகர்கள் கூச்சல் போட்டார்கள். அதே அணி ப்ளேஆஃபில் (சாம்பியனைத் தீர்மானிக்கும் நாக்-அவுட் சுற்று) டென்னசி, ஆரிகன், டெக்சஸ், நோட்ரடேம் என வரிசையாக நாலு பேரையும் ஜெயித்து தேசிய சாம்பியன் ஆனது. இறுதியில் அவர்களிடம் 34-23 தோற்ற நோட்ரடேமும் செப்டம்பர் 7-இல் வடக்கு இல்லினாயிடம் சொந்த மைதானத்தில் 16-14 தோற்ற அணிதான்.

இதை மட்டும் சொல்லி நிறுத்தினால் பாதி உண்மை. அதே 2024-இல் தென் கரோலினா எல்எஸ்யூவிடம் (லூசியானா ஸ்டேட்) 36-33, அலபாமாவிடம் 27-25 என்று தோற்றது, இரண்டும் சேர்த்து 5 புள்ளி. மிசிசிப்பியிடம் 27-3 என்று இன்னொரு தோல்வி. 9-3 (9 வெற்றி, 3 தோல்வி) என்று முடித்து ப்ளேஆஃபுக்கு வெளியே நின்றது. நெருக்கத் தோல்விக்குப் பிறகு சாம்பியன் ஆனவர்களை மட்டும் நாம் ஞாபகம் வைத்திருக்கிறோம், ஏனென்றால் அவர்கள் ஆட்டத்தைத்தான் ஜனவரி வரை டிவியில் காட்டுகிறார்கள்.

ரசிகர் குழு நடத்தும் எவரும் படிக்க வேண்டிய சீசன் என்று நான் நினைப்பது 2021 நெப்ராஸ்கா. 12 ஆட்டத்தில் 3 வெற்றி, 9 தோல்வி. ஒரு தோல்விகூட 9 புள்ளியைத் தாண்டவில்லை, எட்டு தோல்வி 8 புள்ளிக்குள், அதாவது ஒரு டச்டவுனும் (6 புள்ளி) அதன் பிறகு எடுக்கும் இரண்டு புள்ளி கன்வர்ஷனும் இருந்தால் சமன். சீசன் முழுக்க அடித்த புள்ளி, விட்ட புள்ளியைவிட 60-க்கும் மேல் அதிகம். 3-9 அணிக்கு இப்படி ஒரு கணக்கு கேள்விப்படாதது. "இவ்வளவு துரதிர்ஷ்டம் மறுபடி வராது, அடுத்த வருஷம் மேலே வருவார்கள்" என்று புள்ளிவிவரம் தெரிந்தவர்களே எழுதினார்கள். அடுத்த ஆண்டு 4-8. கோச் ஸ்காட் ஃப்ராஸ்ட் மூன்றாவது ஆட்டத்தோடு, செப்டம்பரிலேயே நீக்கப்பட்டார். அதற்கடுத்த ஆண்டு புதிய கோச்சுடன் 5-7.

ஏன் என்று கிட்டப் போய்ப் பார்த்தால் தெரியும். ஓக்லஹோமாவிடம் 23-16 தோற்றபோது இரண்டு ஃபீல்டு கோல் தவறியது, ஒரு எக்ஸ்ட்ரா பாயின்ட் (டச்டவுனுக்குப் பிறகு 1 புள்ளிக்காக உதைப்பது) தடுக்கப்பட்டு எதிரணி அதை மறுமுனை வரை ஓடி 2 புள்ளி எடுத்தது. மிச்சிகன் ஸ்டேட்டிடம் நாலாவது குவார்ட்டரில் முன்னிலையில் இருந்தபோது ஒரு பன்ட் 62 யார்டு திரும்பி ஓடப்பட்டு ஆட்டம் சமனானது, ஓவர்டைமில் 23-20 தோற்றார்கள். அயோவாவிடம் 28-21 தோற்ற ஆட்டத்தில் நாலாவது குவார்ட்டரில் ஒரு பன்ட் தடுக்கப்பட்டு டச்டவுன் ஆனது. மூன்று ஆட்டம், ஓட்டை ஒரே இடத்தில்: ஸ்பெஷல் டீம்ஸ், அதாவது பந்தை உதைக்கும் ப்ளேக்களுக்கான பிரிவு. தனித்தனியாகப் பார்த்தால் ஒவ்வொன்றும் விபத்து. அடுக்கிப் பார்த்தால் பயிற்சிக் குறை. அதனால் உங்கள் குழுவில் ஒரு பழக்கம் கொண்டுவாருங்கள்: ஒவ்வொரு நெருக்கத் தோல்விக்குப் பிறகும் காரணத்தை ஒரே வரியில் எழுதி வையுங்கள். காரணம் ஒவ்வொரு முறையும் வேறாக இருந்தால் பொறுக்கலாம். ஒரே காரணம் மூன்றாவது முறை வந்தால் அதை அணியின் குணம் என்று எடுத்துக்கொண்டு எதிர்பார்ப்பைக் குறையுங்கள்.

நெருக்க வெற்றிக்கும் இதே கண்டிப்பு வேண்டும். 2022-இல் டிசியூ (டெக்சஸ் கிறிஸ்டியன்) பல ஆட்டங்களைக் கடைசி நேரத்தில் ஜெயித்து 12-0 போனது, இறுதி ஆட்டத்தில் ஜார்ஜியாவிடம் 65-7 என்று தோற்றது, அடுத்த ஆண்டு 5-7. முக்கிய வீரர்கள் போனதும் ஒரு காரணம்தான். ஆனாலும் ஜெயிக்கும்போது பாக்ஸ் ஸ்கோரைத் திறக்காதவர், தோற்கும்போது மட்டும் திறந்து அதிர்ஷ்டத்தைத் தேடினால் யாரும் நம்ப மாட்டார்கள்.

இனி கணக்கு. மீதி 8 ஆட்டம். ஒவ்வொன்றுக்கும் ஜெயிக்கும் வாய்ப்பை எழுதுங்கள், வெளியாகும் கணிப்புகளிலிருந்து எடுத்தால் போதும். உதாரணமாக 90, 85, 75, 65, 60, 50, 40, 30 சதவீதம். கூட்டினால் 4.95. கையில் இருக்கும் 3 வெற்றியோடு சேர்த்து 8. இந்தத் தோல்விக்கு முன் என்ன இருந்தது? ஒரு ஆட்டத்தால் அணியின் மதிப்பை எவ்வளவு மாற்றுவது என்பதற்கு நான் வைத்திருக்கும் விதி, விலகலில் பத்தில் ஒரு பங்கு. 10 புள்ளி மோசம் என்றால் மதிப்பில் 1 புள்ளி குறையும். ஒரு புள்ளி என்பது ஒரு ஆட்டத்தில் சுமார் 2.5 சதவீத வாய்ப்பு, எட்டு ஆட்டத்துக்கு 0.2 வெற்றி. தோற்ற ஆட்டத்தில் இருந்த 0.7-ம் போனது. ஆக மொத்தம் 0.9. ஒன்பதை நெருங்கியிருந்த எதிர்பார்ப்பு எட்டுக்கு வந்திருக்கிறது, அவ்வளவுதான். அந்தப் பத்தில் ஒரு பங்கு என்பது கணிதச் சூத்திரம் அல்ல, அனுபவ விதி. சீசன் தொடக்கத்தில் கொஞ்சம் அதிகமாகவும், பின்பாதியில் குறைவாகவும் வைக்கலாம்.

அதே பட்டியல் இன்னும் இரண்டு விஷயம் சொல்லும், இரண்டையும் குழுவில் போடுங்கள். எட்டையும் ஜெயிக்கும் வாய்ப்பு 1.3 சதவீதம். சாதகமாக இருக்கும் முதல் ஐந்து ஆட்டங்களில் ஒன்றிலாவது தோற்கும் வாய்ப்பு 78 சதவீதம். "ஜெயிக்க வேண்டிய ஆட்டத்துல தோத்துட்டாங்க" என்று நவம்பரில் இன்னொரு முறை அழப் போகிறார்கள், அதை இப்போதே சொல்லி வைப்பதுதான் உங்களால் முடிந்த மிகப் பெரிய உதவி. 8 என்ற ஒற்றை எண்ணைச் சொல்லாதீர்கள். "7 முதல் 9" என்று சொல்லுங்கள், நான்கில் மூன்று முறை அதற்குள்தான் முடியும்.

ப்ளேஆஃப் பேச்சு வரும். 2014 முதல் 2023 வரை நாலு அணி ப்ளேஆஃப் இருந்தபோது இரண்டு தோல்வி கண்ட ஒரு அணிகூட உள்ளே போனதில்லை. 2024 முதல் 12 அணி, அதனால் ஒரு தோல்வி கதவை மூடுவதில்லை. பெரிய கான்ஃபரன்ஸ் (பல்கலைக்கழக அணிகள் சேர்ந்த லீக்) அணிக்கு 10-2 என்பது இழுபறி, 9-3 என்றால் கான்ஃபரன்ஸ் பட்டம் இல்லாமல் கடினம். தேர்வுக் குழு பெரிய வித்தியாசத்தில் ஜெயித்ததற்குப் பரிசு தருவதில்லை என்பதே அதன் விதி, எனவே "3 புள்ளியில்தானே தோத்தோம்" என்பதைப் பெரிதாக நம்ப வேண்டாம். 8 வெற்றி அணிக்கு நியாயமான பேச்சு, எந்த பவுல் (சீசன் முடிவில் அழைப்பின் பேரில் ஆடும் ஆட்டம்) கிடைக்கும் என்பது. அதற்கு 6 வெற்றி போதும்.

குழுவை நடத்தும் விதத்தில் இரண்டே யோசனை. ஆட்டம் முடிந்த அன்று இரவு எந்த எண்ணையும் போடாதீர்கள், யாரும் படிக்க மாட்டார்கள், படித்தால் சண்டைதான். ஞாயிறு மாலை அந்த ஒரு தாளைப் படம் எடுத்துப் போடுங்கள், கூடவே "7 முதல் 9" என்ற வரம்பை. அடுத்த ஆட்டத்துக்கு முன்பே கணிப்பையும் சொல்லிவிடுங்கள், முடிவு வந்த பிறகு சொல்வது கணிப்பில் சேராது. இன்னொன்று: வீரர்களின் சமூக வலைதளக் கணக்கில் போய் எழுதுவதை ஒருவருக்கும் அனுமதிக்காதீர்கள். கிக் தவறவிட்ட பையனுக்கு இருபது வயதுகூட இருக்காது, உங்களோடு அதே வளாகத்தில் படிப்பவன். இதில் நான் விட்டுக்கொடுக்கவே மாட்டேன், மீறுபவரைக் குழுவிலிருந்து நீக்குங்கள்.

இந்த முறைக்குத் தெரியாதவையும் உண்டு. நாலு ஆட்டம் மட்டும் முடிந்த நிலையில் எதிரணிகளின் உண்மையான தரமே உறுதியில்லை, உங்களை ஜெயித்தவர்கள் நவம்பரில் பத்து வெற்றியோடு நிற்கலாம், நாலோடும் நிற்கலாம். நெருக்க ஆட்டங்களில் கோச்சின் திறமை எவ்வளவு என்பதும் விவாதத்துக்குரியது. டைம்அவுட்டை வீணாக்குவது, நாலாவது டவுனில் தேவையில்லாமல் பன்ட் அடிப்பது போன்றவை திரும்பத் திரும்ப நடந்தால் எண்ணிக் குறிக்கலாம், ஒரு ஆட்டத்தை வைத்து "கடைசி நேரத்தில் பயப்படும் கோச்" என்று முத்திரை குத்த முடியாது. காயம்தான் எல்லாவற்றையும் புரட்டிப் போடுவது. பிக் டென் கான்ஃபரன்ஸ் 2023 முதலும் எஸ்இசி கான்ஃபரன்ஸ் 2024 முதலும் கான்ஃபரன்ஸ் ஆட்டங்களுக்கு முன்பு யார் ஆடுவார், யார் சந்தேகம் என்ற பட்டியலை வெளியிடுகின்றன. உங்கள் அணி அவற்றில் ஒன்றில் இருந்தால் ஆட்டத்துக்கு முன்பே அதைப் பாருங்கள். தொடக்கக் குவார்ட்டர்பேக்கோ, ஆஃபென்சிவ் லைனில் (குவார்ட்டர்பேக்கைக் காக்கும் முன்வரிசை) இரண்டு பேரோ அந்தப் பட்டியலில் "இல்லை" என்று வந்தால், மேலே எழுதிய 90, 85, 75 எல்லாவற்றையும் அழித்துவிட்டு முதலிலிருந்து எழுதுங்கள்.